புத்தூரில் கேட்ட மூன்றாவது மூச்சு

ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பக்கத்தில் நான் எழுதி வைத்திருப்பது இது:

காலை 4.30 எழுந்தது. 4.40 பால் காய்ச்சியது (ராணிக்குக் கையில் கட்டு, எனவே நான்). 4.55 முதல் 5.40 வரை பதிவு அறை. புதிய பதிவு இல்லை, பழைய பதிவில் மூச்சு வெட்டியது, பதினோரு நிமிடம் முடிந்தது. 6.10 குளியல். 6.45 உப்புமா. 7.20 சித்தூர் பஸ் நிலையம். 7.35 புத்தூர் பஸ். இடது பக்கம், மூன்றாவது வரிசை. ஜன்னல் ராணிக்கு.

இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். மழை பெய்த நேரம், மின்சாரம் போன நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கும். என்ன நினைத்தேன் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. நினைப்புக்கு மணி போட முடியாது என்பதால் விட்டுவிடுவேன்.

அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நான் புத்தூருக்குப் போனது மனைவியின் கையைக் காட்ட மட்டும் அல்ல. அங்கே எலும்புக் கட்டு போடுகிற ஒரு ஆளை, அவருடைய நோயாளிகள் முன்னால், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று போனேன். சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. அதில் அவர் செய்த ஐந்து தவறுகளை வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன்.

வெட்டிய மூச்சுகள்

என் வேலையைப் பற்றி முந்தைய வாரங்களில் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. பங்காருபாளையம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். கூழில் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் வைத்து, இனிப்பு எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். புளிப்பு எவ்வளவு, கருப்புப் புள்ளி எத்தனை என்பதும் உண்டு. அளவு தப்பினால் ஒரு தொட்டிக் கூழ் முழுவதும் நின்றுவிடும்.

வீட்டில் இன்னொரு வேலை. சமையலறைக்குப் பின்னால், பழைய சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து, எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஒரு மைக் வாங்கி வைத்துக் கதை படிக்கிறேன். ஐந்தாறு வருடமாக. கேட்பவர்கள் போனில் கேட்கிறார்கள். சேனல் பெயரை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும்.

நான் படிப்பதெல்லாம் பழைய கதைகள். ஆங்கிலத்தில் நூறு வருடத்துக்கு முன்னால் வந்த விஞ்ஞானக் கதைகள், பேய்க் கதைகள். நானே தமிழில் எழுதிக்கொள்வேன். செவ்வாயிலிருந்து வரும் சமிக்ஞை, பூட்டிய அறையில் தானாக ஓடும் கடிகாரம், இறந்தவனின் கையெழுத்தில் வரும் கடிதம். பேயாக இருந்தாலும் நான் அளவு தவறமாட்டேன். மூலத்தில் பேய் பதினேழு படி இறங்கினால் என்னிடமும் பதினேழு படிதான்.

எனக்கென்று ஒரு விதி உண்டு. படிக்கிறவனின் மூச்சு கேட்கக்கூடாது. வாக்கியத்துக்கு வாக்கியம் நாம் மூச்சு இழுக்கிறோம். மைக் அதைப் பாம்பு சீறுவதுபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதிவு முடிந்ததும் கணினியில் போட்டு ஒவ்வொரு மூச்சையும் தேடி வெட்டி எறிவேன். அரைமணி நேரக் கதைக்கு முந்நூறுக்கு மேல் வரும். ஒரு கதைக்கு ஒரு வாரக் காலைகள். முடிந்ததும் நோட்டில் 'மூச்சு: இல்லை' என்று எழுதி அடிக்கோடு போடுவேன். அந்தக் கோட்டைப் போடும்போது கிடைக்கிற திருப்தி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

என் மனைவி செல்வராணி, நான் ராணி என்பேன், என் கதை ஒன்றைக்கூட முடிவுவரை கேட்டதில்லை.

ஒரு கல்யாண நாளன்று அவள் காதில் நானே இயர்போனை மாட்டி விட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு காதில் இயர்போன் தொங்குகிறது, கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

"எப்டி கீது?" என்றேன்.

"நல்லா தான் கீது. சாயங்காலம் கேக்கறேன்."

அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் யாரோ எங்கோ கேட்கிறார்கள். எனக்கோ, இவள் ஒரே ஒரு கதையை முடிவுவரை கேட்டுவிட்டால் போதும், மற்றவர்கள் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று சில நாள் தோன்றியதுண்டு. அதையும் நாட்குறிப்பில் எழுதியதில்லை.

பிசைந்த சோறு

ஜூன் முதல் வாரத்தில் ராணி திருப்பதியில் இருக்கும் தங்கை லட்சுமி வீட்டுக்குப் போயிருந்தாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடியவள் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். படம் எடுத்துப் பார்த்ததில் மணிக்கட்டு எலும்பு விலகியிருந்தது. லட்சுமி யோசிக்கவே இல்லை. அக்காவை ஆட்டோவில் ஏற்றி நேராகப் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு போட்டுவிட்டாள்.

நான் போகவில்லை. ஜூனில் எங்கள் ஆலைக்கு லீவு என்ற சொல் தெரியாது. வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை மாங்காய் டிராக்டர்கள் நிற்கும். போனில் "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டேன். "அப்பறம் சொல்றேன், இங்க ஒருத்தர் கதை சொல்லிக்கினு கீறாரு" என்று வைத்துவிட்டாள். வலியில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சித்தூர் வந்தாள். மூங்கில் பட்டை வைத்துச் சுற்றிய கட்டு. முட்டையும் பச்சிலையும் கலந்த வாடை. சாப்பிட முடியாததால் நான் ரசம் சோறு பிசைந்து ஊட்டினேன்.

"எலும்ப இழுக்கறப்போ உயிர் போயிருக்குமே" என்றேன்.

"தெரியவே இல்லீங்க. கதை கேட்டுக்கினு இருந்தேன்."

"இன்னா கதை?"

"பேய்க் கதையா, இன்னா கதைன்னு தெரியல. பங்காருபாளையம் ரோட்ல ஒரு மாங்கா ஃபேக்டரி. உங்குளுது போல. அதுல ஒரு கோல்டு ரூமு. ரெண்டு பேர் உள்ள போய் மாட்டிக்கினாங்க, கதவு தெறக்கல. செவுத்துல காத்து மீட்டர் கீது. உள்ள எவ்ளோ காத்து செலவாகுதுன்னு காட்டும். பாத்தா, மூணு பேர் மூச்சு வுடற அளவு காத்து போய்க்கினு கீது. ஆனா இருக்கறது ரெண்டே பேர்."

சோற்று உருண்டை என் கையிலேயே நின்றுவிட்டது.

"அந்த ரெண்டு பேருக்கும் பேரு சொன்னாரா?"

"ஒருத்தனுக்குப் பேரே சொல்லல. இன்னொருத்தன் ஞானப்பிரகாசம்."

ஞானப்பிரகாசம் என்று பேர் வைத்தது நான். அது என்னுடைய நாற்பத்தோராவது பதிவு, 'மூன்றாவது மூச்சு'. சந்திரனில், வானத்தை ஆராய ஒரு குடில். அதில் இரண்டு விஞ்ஞானிகள். காற்று மீட்டர் மூன்று பேருக்கான செலவைக் காட்டுகிறது. மூலக்கதையில் இருவருக்கும் ஆங்கிலப் பேர். நான்தான் வேலாயுதம், ஞானப்பிரகாசம் என்று மாற்றினேன். யாரோ அதைக் கேட்டு, சந்திரனைத் தூக்கிப்போட்டுவிட்டு, பங்காருபாளையம் குளிர் அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"அப்பறம்?" என்றேன். 

ராணி இடது கையை ஆட்டிக்கொண்டு சொன்னாள். கண் பெரிதாகியிருந்தது. "ஞானப்பிரகாசம் சொல்றான், 'நா மூச்ச அடக்கறேன். நீயும் அடக்கு. அப்பவும் மூச்சு சத்தம் கேட்டா அது யாருது?' அடக்கறாங்க. கட்டு போடறவரு என் மூஞ்சியவே பாக்கறாரு. 'யக்கா, நீயும் அடக்கிக் கேளு'ன்றாரு. நா அடக்கிக்கினேன். மடக்குன்னு ஒரு சத்தம். கதையில தான் ஏதோ ஒடஞ்சிட்சின்னு நெனச்சேன். பாத்தா என் எலும்பு உக்காந்துட்சி."

"மூணாவது யாராம்?"

"சொல்லலியே! மிச்சம் அடுத்த கட்டுக்குன்னுட்டாரு. எட்டு நாள் கீது. எனக்குத் தூக்கமே வரல, போங்க."

எட்டு நாளும் அவள் காலண்டரைப் பார்த்தாள். முடிவு என்ன என்று ஒரே வரியில் என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. தினமும் மூன்று வேளை சோறு ஊட்டினேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது பொறாமை என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் மட்டும் அது குறைந்துவிடவில்லை.

தாமோதரம்

இந்தப் பொறாமை எனக்குப் புதிதல்ல. சித்தூரில் ஆறாவது படிக்கும்போது தாமோதரம் என்று ஒருவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சினிமாக் கதை சொல்வான். வகுப்பே அவனைச் சுற்றி உட்காரும். அவன் படம் பார்ப்பதே கிடையாது. போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்வான்.

ஒருமுறை நான் உண்மையிலேயே பார்த்த படத்தை அவன் சொன்னான். ரயில் சண்டை என்றான். நான் எழுந்து, "ரயில் இல்ல, லாரி. நாலு பேர் இல்ல, மூணு பேர்" என்றேன்.  பின்னாலிருந்து ஒருவன், "டேய், நீ போய் தயிர் சாதம் துன்னுடா" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். தாமோதரம் ரயில் சண்டையைத் தொடர்ந்தான்.

நான் சொன்னதுதான் சரி. அதை இன்றும் சொல்வேன்.

தோள் இறங்கிய கண்டக்டர்

சித்தூரிலிருந்து புத்தூர் வரும்வரை பஸ்ஸில் என் தாளை மூன்று முறை எடுத்துப் படித்தேன். ஒன்று, மாங்கூழ் ஆலையின் குளிர் அறையில் காற்று மீட்டர் கிடையாது. இரண்டு, கதவை உள்ளேயிருந்தும் திறக்கலாம். மூன்று, அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. நான்கு, வேலாயுதத்தின் பேர் விட்டுப்போயிருக்கிறது. ஐந்து, கதை யாரிடமிருந்து வந்தது என்று சொல்லப்படவில்லை.

கட்டு போடுகிறவர் பெயர் முனிரத்தினம். பெரிய மீசையோடு ஒரு கிழவரை எதிர்பார்த்துப் போனேன். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். பனியன், லுங்கி, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. தகரக் கூரை போட்ட முன்கட்டு; இரண்டு பெஞ்சு; ஒரு மூலையில் அரைத்த பச்சிலை வாளி. பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் தெலுங்கிலும் முனகிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையின் ஒரு கை கழற்றியிருந்தது. தோள் இறங்கித் தொங்கியது.

"மெல்லகா, மெல்லகா! தொடாதய்யா!" என்று கத்தினார் கண்டக்டர்.

"நா இன்னும் தொடவே இல்லியேண்ணா" என்றார் முனிரத்தினம். "எந்த ரூட்டு உனுக்கு?"

"சத்தியவேடு."

"நல்ல ரூட்டு. அந்த ரூட்ல நடந்தது ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு பஸ்ஸு. கூட்டமே இல்ல. உள்ள ரெண்டே பேரு. டிரைவரு பேரு ஞானப்பிரகாசம், அப்பறம் உன்னாட்டம் ஒரு கண்டக்டரு. மழை. ரோட்டு ஓரமா நிறுத்திட்டாங்க. ஜன்னல் எல்லாம் ஏத்தி மூடியாச்சு. கண்டக்டரு டிக்கெட் மெஷின பாக்கறான். ஒரு டிக்கெட்டு குடுத்ததா காட்டுது. யாருக்குக் குடுத்தான்? அவனுக்கே தெரியல."

நான் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். குளிர் அறையைக் காணவில்லை. மாம்பழ ஆலையைக் காணவில்லை. என் தாளில் இருந்த ஐந்து தவறுகளில் மூன்றுக்கு இப்போது வேலையே இல்லை. அப்போதுதான் புரிந்தது. ராணியிடம் முதலில் 'வீட்டுக்காரர் இன்னா வேலை?' என்று கேட்டிருக்கிறார். அதனால்தான் அது மாங்காய் ஃபேக்டரி. வருகிற ஆளுக்குத் தகுந்தபடி இடத்தை மாற்றிக்கொள்கிறார். என்னுடையது எப்போதும் சந்திரன். யார் கேட்டாலும் சந்திரன்.

"கண்ணாடி பூரா ஆவி" என்றார் முனிரத்தினம். அவருடைய ஒரு கை கண்டக்டரின் முழங்கைக்குக் கீழே போயிருந்தது; கண்டக்டர் அதைக் கவனிக்கவில்லை. "ரெண்டு பேர் மூச்சு வுட்டா இவ்ளோ ஆவி வருமா? பின்னாடி சீட்டாண்ட கண்ணாடியில மட்டும் தனியா ஒரு வட்டம். ஞானப்பிரகாசம் சொல்றான், 'இஞ்சின நிறுத்தறேன். நா மூச்ச அடக்கறேன், நீயும் அடக்கு. அப்பவும் கேட்டா, அது யாரு?'"

முனகல் நின்றுவிட்டது. பெஞ்சிலிருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அடக்கிட்டாங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, நீயும் அடக்கிக் கேளு."

தகரக் கூரையில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. பச்சிலை வாளியைச் சுற்றும் ஈயின் சத்தம் கேட்டது. அதற்கும் அடியில், எங்கோ பின்னால், யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல.

தளக்.

"அய்யோ!" என்றார் கண்டக்டர்.

"உக்காந்துட்சி. கைய தூக்கு."

கண்டக்டர் தூக்கினார். அப்போதுதான் எனக்கு நெஞ்சு அடைப்பது தெரிந்தது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். என் வரி அது. பதிவு அறையில் முப்பது தடவை படித்துப் பார்த்த வரி. அதில் எனக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. கைக்கடிகாரத்தையும் பார்த்திருந்தேன், பழக்கம். அவர் நிறுத்தியது நான்கு விநாடி.

"யோவ், மூணாவது யாருய்யா? சொல்லிட்டுப் போ!" என்றார் கண்டக்டர், வலியை மறந்து.

"டிக்கெட்டு எடுக்காம இவ்ளோ நேரம் கேட்டுக்கினு இருந்தியே, நீ தான்."

முன்கட்டே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது.

மூன்று சொல்

அடுத்து ராணி. பழைய கட்டை அவிழ்த்து, விரலை மடக்கச் சொல்லி, தடவிப் பார்த்தார். நன்றாகக் கூடி வருகிறது என்றார். ராணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

"முடிவு சொல்றேன்னீங்களே."

"அக்காவுக்கும் அதே தான். அந்த ரூம்ல அவங்க ரெண்டு பேரு. வெளிய இருந்து கேட்டுக்கினு இருந்தது யாரு?"

 ராணி இடது கையை என் பக்கம் நீட்டினாள். "பாருங்க, எப்டி சிலித்துக்கினு நிக்குது."

பார்த்தேன். முழங்கை வரை ரோமம் நின்றிருந்தது. இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னால் அவள் கையில் அதைச் செய்ய முடிந்ததில்லை.

"இந்தக் கதைய நீங்க எங்க கேட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன். இதைத்தான் எட்டு நாளாகத் தயார் செய்திருந்தேன். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"போன்ல சார்." துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "ஒருத்தர் படிக்கறாரு. காலையில தழை அரைக்கறப்போ போட்டு வுட்டுடுவேன். நல்ல சுத்தமான தமிழு சார். ஆனா மனுசன்தானான்னு எனக்கு டவுட்டு. அரைமணி நேரம் படிப்பாரு, ஒரு வாட்டி கூட மூச்சு வுடமாட்டாரு. மெஷின் படிக்கற போல. மூச்சப் பத்தின கதைய மூச்சே வுடாம படிச்சா கேக்கறவனுக்கு எங்க சார் பயம் வரும்?"

ராணி என்னைப் பார்த்தாள்.

"முடிவுவரைக்கும் கேட்டீங்களா?" என்றேன்.

"இல்ல சார். அதுக்குள்ள தழை அரைஞ்சுடும். எனக்கும் முடிவு எதுக்கு? எலும்பு உக்கார்ற வரைக்கும் கதை இருந்தா போதும்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். 'அந்த ஆள் நான்தான்.' பெஞ்சில் ஏழு பேர் சாட்சி. வாயைத் திறந்தேன். சொன்னால் நான் யாராக நிற்பேன்? கதைக்குச் சொந்தக்காரனாகவா, மூச்சு விடாத மெஷினாகவா?

"நல்லா சொல்றீங்க, முனிரத்தினம்" என்றேன். மூன்று சொல். அன்று முழுவதும் நான் செய்த வேலைகளில் கஷ்டமானது அதுதான்.

சந்திரகிரி தாண்டி

திரும்பும்போது திருப்பதியில் இறங்கி லட்சுமி வீட்டில் சாப்பிட்டோம். மூன்றரை மணிக்குச் சித்தூர் பஸ். சந்திரகிரிக் கோட்டை தெரிய ஆரம்பித்தது. ராணி ஜன்னலைப் பார்த்தபடியே, "பாக்கெட்ல இன்னா பேப்பரு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"அது உங்க கதைன்னு எனக்குத் தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"ஞானப்பிரகாசம்னதுமே தெரிஞ்சுக்கினேன். நீங்க உள்ள ஒரே வரிய முப்பது வாட்டி படிச்சா, சமையல் ரூம்ல நிக்கறவளுக்குக் கேக்காதா? 'ஞானப்பிரகாசம் மூச்சை அடக்கினான்.' நிறுத்துவீங்க. மறுபடியும் 'ஞானப்பிரகாசம் மூச்சை அடக்கினான்.' எனக்குப் பால் பொங்கிடும், அவன் இன்னும் அடக்கிக்கினே இருப்பான்."

"தெரிஞ்சும் ஏன் அவர்கிட்ட சொல்லல? எங்க வீட்டுக்காரரு கதைன்னு?"

"சொன்னா நிறுத்திடுவாரு. எனக்குக் கை வுட்டுப்போய்க் கெடக்குது, உங்க பேரா முக்கியம்?" கட்டுக் கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு, "அதுவும் உங்க கதையா இன்னா? எவனோ வெள்ளக்காரன் எழுதுனது. நீங்க அவங்கிட்ட கேட்டா எடுத்தீங்க?" என்றாள்.

இதற்குப் பதில் என்னிடம் உண்டு. பதிப்புரிமை, காலாவதி, எல்லாம் தெரியும். சொல்லவில்லை. எங்கள் பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார், பதில் சொல்லாமலிருக்க அது வசதியாக இருந்தது.

"அவரு சொன்னப்போ பயமா இருந்துதா?" என்று மட்டும் கேட்டேன்.

"ரொம்ப."

அந்த ஒரு சொல்லை அவள் மறைக்காமல் சொன்னாள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒருவரைப் பயமுறுத்தத் தனக்குத் தெரியவில்லையே என்று ஒரு ஐம்பது வயது ஆள் பஸ்ஸில் உட்கார்ந்து வருத்தப்படலாமா? வருத்தப்பட்டேன்.

"நெஜ முடிவு இன்னா?" என்றாள்.

"மூணாவது ஆளே கிடையாது. செவுத்துல ஒரு கீறல். அது வழியா காத்து வெளிய போய்க்கினு இருந்துது. அந்தச் சத்தம்தான் மூச்சு மாதிரி கேட்டுது."

"அவ்ளோ தானா?"

"அவ்ளோ தான்."

"த்ச்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோட்டையும் பின்னால் போய்விட்டது. பாக்காலா பிரிவு தாண்டி, மாந்தோப்புகள் வர ஆரம்பித்த பிறகு திடீரென்று திரும்பினாள்.

"இருங்க. காத்து வெளிய போய்ட்சின்னா, மிச்சம் இருக்கறது ரெண்டு பேருக்கும் போதுமா?"

"போதாது. ஒருத்தருக்குத்தான்."

"அய்யய்யோ." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ யாரு?"

அந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். அவசரப்படவில்லை.

"பதிவுல கீது. கேட்டுப் பாரு."

"அந்த மூச்சு வுடாத ஆளுகிட்ட எல்லாம் நா கேக்கமாட்டேன்" என்றாள் ராணி. "நீங்க படிச்சா கேக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பு எழுதினேன். 5.50 சித்தூர். 6.05 வீடு. கட்டு புதிது, அடுத்தது எட்டு நாளில். தவறுகள் எழுதிய தாளை நாட்குறிப்புக்குள் வைத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. அதில் இருப்பது எல்லாம் சரியானவை.

மறுநாள்

ஜூன் 17, திங்கட்கிழமை. 4.30 எழுந்தது. முதல் வேலையாகப் பால் காய்ச்சவில்லை. பதிவு அறைக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அவள் கட்டுக் கையை வைத்துக்கொள்ள ஒரு தலையணையும் வைத்தேன். அந்த அறைக்குள் என்னைத் தவிர வேறொருவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மின்விசிறியை நிறுத்தினேன். மைக்கைப் போட்டேன்.

"மூச்சு வுடலாமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வுடு. வெட்டமாட்டேன்."

சந்திரனில்தான் ஆரம்பித்தேன். மாங்காய் ஃபேக்டரிக்கு மாற்றவில்லை. அதெல்லாம் எனக்கு வராது. நான் மூச்சு இழுப்பது எனக்கே கேட்டது, அசிங்கமாக இருந்தது. ராணி கொத்துமல்லி ஆயவில்லை. தலையணையில் கையை வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாவது நிமிடத்தில் அந்த வரி வந்தது. 'ஞானப்பிரகாசம் மூச்சை அடக்கினான்.' முனிரத்தினம் இங்கே நான்கு விநாடி நிறுத்தினார். நான் ஐந்து என்று தீர்மானித்துக் கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்திருந்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தேன். ராணி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் மூச்சு விடும் வரை அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருந்தேன்.